‘பிராண்டு’: அலகில் உள்ள பெயரும் அடித்த கையும்

குன்னூர் கடைத்தெருவில், தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கும் கவாத்துக் கத்தி வாங்கச் சென்றால், கடைக்காரர் முதலில் கேட்பது “எந்தக் கம்பெனி வேணுங்க?” என்பதைத்தான். உண்மையில் அவர் கேட்பது கம்பெனியை அன்று, அலகில் அடித்திருக்கும் பெயரை. பொருளுக்கு இட்ட பெயர், அதைச் செய்தவர் என்னும் இரண்டையும் நம் பேச்சில் ‘கம்பெனி’ என்ற ஒரே சொல் சுமக்கிறது. கத்தித் தொழிலில் இக்குழப்பம் வாங்குபவரின் கைக்காசைக் கரைக்கக் கூடியது.

‘பிராண்டு’ நெருப்பில் பிறந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அது எரியும் கட்டையையும் தீப்பந்தத்தையும் குறித்தது. செய்யுள் வழக்கில் வாளையும் குறித்தது. வாளை ஓங்கி வீசுவதைக் குறிக்கும் ‘பிராண்டிஷ்’ என்ற சொல்லும் இதன் உறவுதான். பின்னர், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இட்ட அடையாளத்துக்கு, அதாவது நம் ஊர்களில் மாட்டுக்குச் சூடு போடுவது என்கிறோமே அதற்கு, இச்சொல் ஆகிவந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் அது விற்பனைப் பொருளின் பெயர் என்னும் இன்றைய பொருளை அடைந்தது. ஆக, அடையாளத்துக்கு ஆகிவந்த நாள் முதலே இச்சொல் குறியைச் சுட்டியதே அன்றி, குறி இட்டவரைச் சுட்டவில்லை.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘பொறி’. தீயிலிருந்து தெறிப்பதும் பொறி, பொருளின் மேல் பதிக்கும் அடையாளமும் பொறி. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களின்மேல் சோழரின் சின்னம் இட்டதைப் பட்டினப்பாலை “புலி பொறித்துப் புறம் போக்கி” என்கிறது. ‘வணிக முத்திரை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். முத்திரை என்றதும் யாரோ சோதித்துத் தரச்சான்று அளித்ததுபோன்ற எண்ணம் எழுவதால், நான் அதை ஏற்பதில்லை.

பெயர் நிலைத்திருக்க, கை மாறுவதற்குக் கத்தித் தொழிலில் சான்றுகள் ஏராளம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இம்பீரியல் ஷ்ரேடு ஆலை 2004இல் மூடப்பட்டது. ஷ்ரேடு என்ற பெயரை வேறொரு நிறுவனம் வாங்கியது. அதன்பின் அப்பெயரில் வந்த கத்திகள் சீனாவில் செய்யப்பட்டன. கமிலஸ் ஆலை 2007இல் மூடியபோதும் பெயர் விலைபோனது. சுவிட்சர்லாந்தில் விக்டரினாக்ஸ் 2005இல் வெங்கர் நிறுவனத்தை வாங்கி, 2013இல் வெங்கர் கத்திகளைத் தன் பெயருக்குள் சேர்த்துக்கொண்டது. அங்கே கை இருக்கப் பெயர் மறைந்தது.

ஊர்ப் பெயரும் இப்படிக் களவு போனதுண்டு. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த மலிவான கத்திகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பெயரை அடித்து விற்கிறார்கள் என்று ஷெஃபீல்டுத் தொழிலாளர் முறையிட்டனர். அத்தகைய முறையீடுகளின் விளைவாகவே 1887இல் பிரிட்டனில், பிரிட்டிஷ் பெயரோ குறியோ தாங்கி வரும் அயல்நாட்டுச் சரக்கில் அதைச் செய்த நாட்டின் பெயரும் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பின்னாளில் சோலிங்கன் தரத்தில் உயர்ந்து, தன் பெயரையே பிறர் களவாடாமல் காக்க 1938இல் தனிச் சட்டம் பெற்றது.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என் தந்தையார் வைத்திருந்த கவாத்துக் கத்தியும், அதே பெயரைப் பார்த்து நான் வாங்கிய புதுக் கத்தியும் இப்போது என் முன்னே கிடக்கின்றன. பழையதில் பிடியை ஒட்டி எழுத்துகள் இரும்பினுள் ஆழமாக இறங்கியிருக்கின்றன. எத்தனையோ முறை சாணை பிடித்து அலகு பாதியாய்த் தேய்ந்த பிறகும் விரல்நுனியால் தடவியே படித்துவிடலாம். புதியதில் பெயர் மேலே கருப்பாகப் படிந்திருந்தது. ஒரு பருவத்துக் கவாத்திலேயே அழிந்துவிட்டது. விரல் பருமன் கிளையைச் சாய்வாக ஒரே வீச்சில் வெட்ட வேண்டிய கத்தி, கிளையைப் பிளந்து நார்நாராய்க் கிழித்தது. முன்னது பொறித்தது, பின்னது வெறுமனே அச்சிட்டது. இவ்விரு வினைகளின் வேறுபாட்டைத் தமிழ் காத்து வைத்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

பெயரே இல்லாமல் கை மட்டும் தெரிந்த கத்திகளும் இம்மலையில் இருந்தன. நீலகிரியின் பழங்குடிகளான கோத்தர்கள் அடித்த கத்திகளும் அரிவாள்களும், இங்கு உழவு செய்து வாழ்ந்த படுகர்களின் வீடுகளுக்குச் சென்றன. ஒவ்வொரு படுகர் குடும்பத்துக்கும் உரிய கோத்தர் குடும்பம் இருந்ததால், யார் அடித்தது என்று அலகில் எழுத வேண்டிய தேவையே எழவில்லை. கோத்தர் மொழியில் ‘கொலேல்’ என்பது உலைக்களத்தையும் கோயிலையும் குறிக்கும். நம் ‘கொல்லன்’ என்ற சொல்லும் அதே வேரில் வந்ததே.

ஆகவே வழக்கில் இப்படிப் பிரித்து ஆளலாம். அலகில் பதித்த அடையாளம் பொறி. விற்பனைக்கு வழங்கும் பெயர் வணிகப்பெயர். சட்டப்படி பதிவு பெற்றது வணிகக்குறி. உலையில் வேலை செய்பவர் உற்பத்தியாளர். ‘கம்பெனி’ என்ற சொல்லை உற்பத்தியாளருக்கு மட்டும் விட்டுவிட்டால், அடுத்த முறை கடையில் “பெயர் தெரிகிறது, இப்போது யார் செய்கிறார்கள்?” என்று தனியே கேட்க முடியும்.