அப்பத்தா கண்ணுக்குள் விமானக் கண்ணாடி

சூலூர், பல்லடம் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் போர் விமானத்தின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. விமானியின் தலைக்கு மேலே பளபளக்கும் மூடி பெரும்பாலும் கண்ணாடியே அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். கீழே தோட்டத்தில் சின்ன வெங்காயம் உலர்த்திக்கொண்டிருக்கும் அப்பத்தாவின் கண்ணுக்குள்ளும் அதே குடும்பத்துப் பிளாஸ்டிக் ஒரு துண்டு இருக்கலாம். "லென்ஸ் வெச்சாச்சுங்க" என்று ஊரில் சொல்வது அதைத்தான்.

கண்மணிக்குப் பின்னால் இருக்கும் இயற்கை லென்ஸ் பெரும்பாலும் நீரும் கிரிஸ்டாலின் என்ற புரதமும்தான். அதன் நடுப்பகுதிப் புரதங்கள் நாம் பிறக்கும் முன்பே உருவானவை, பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை. வயது, வெயில், சர்க்கரை நோய், புகைப் பழக்கம் எல்லாம் சேர்ந்து அவற்றைச் சிதைக்க, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. ஒளி நேராகப் போகாமல் சிதறுகிறது. கண்புரை அவ்வளவுதான்.

முன்பெல்லாம் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, பார்வைக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். அதை மாட்டினால் எல்லாமே கால் பங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் செய்தவர் பாடு இன்னும் மோசம். இரண்டு கண்ணும் இரண்டு அளவில் படம் காட்டினால் மூளை எப்படி அதை ஒன்றாக்கும்? பார்வை இருக்கும், படியில் இறங்க முடியாது. லென்ஸ் தன் பழைய இடத்திலேயே இருந்தால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அதனால்தான் கண்ணுக்குள்ளேயே வைக்கும் யோசனை முக்கியமானது.

அதைச் செய்து பார்த்தவர் லண்டன் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில், 1940 ஆகஸ்டில், கார்டன் கிளீவர் என்ற விமானியின் ஹரிக்கேன் விமானத்தில் குண்டு பட்டு மூடி சிதறியது. அக்ரிலிக் சில்லுகள் அவர் கண்களுக்குள் புகுந்தன. வெளிப்பொருள் ஏதாவது கண்ணுக்குள் போனால் புண்ணாகிச் சிவக்கும் என்பதுதான் எல்லோரும் எதிர்பார்ப்பது. இந்தச் சில்லுகளோ வருடக்கணக்கில் சும்மா கிடந்தன, அதை ரிட்லி கவனித்திருந்தார். அப்புறம் ஒருநாள் ரிட்லி புரை எடுப்பதைப் பார்த்த ஒரு மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறு வைக்கமாட்டீர்களா என்று கேட்டாராம். ரேய்னர் நிறுவனத்தின் ஜான் பைக் உதவியோடு அக்ரிலிக் லென்ஸ் தயாரானது. 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணிக்கு ஆபரேஷன் நடந்தது. லென்ஸை நிலையாக வைத்தது 1950 பிப்ரவரியில்.

வழக்கமாகக் கதையை இங்கேயே முடித்துக் கைதட்டிவிடுவார்கள். எனக்குச் சுவையாகப் படுவது இதற்கு அடுத்த பகுதி. கட்டு பிரித்த பிறகு அந்தப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை. காரணம், செய்த லென்ஸ் இயற்கை லென்ஸின் வளைவை ஒட்டியே இருந்தது. ஆனால் லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பது வடிவத்தை மட்டும் பொறுத்தது அல்ல. லென்ஸின் ஒளிவிலகல் எண்ணுக்கும் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு திருப்பும் என்பதைச் சொல்லும் எண்) சுற்றியுள்ள நீரின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசமும் சேர வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் நீருக்கு அது 1.336. இயற்கை லென்ஸுக்குச் சராசரியாக 1.42, அக்ரிலிக்குக்கு 1.49. கழித்துப் பாருங்கள்: ஒன்றில் வித்தியாசம் 0.08 சொச்சம், இன்னொன்றில் 0.15. வளைவு அதேதான், பவர் மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. தொலைவில் உள்ளதெல்லாம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிட்டது. அடுத்தடுத்த லென்ஸ்களில் வளைவைக் குறைத்தார்கள்.

எடையும் ஒரு சிக்கல். கயிற்றுக் கட்டிலில் உரலைத் தூக்கி வைத்த மாதிரி, மெல்லிய சவ்வின்மேல் உட்கார்ந்த அந்த லென்ஸ் சிலருக்கு நழுவிக் கண்ணின் அடிக்கே போய்விட்டது. பெரிய மருத்துவர்களின் எதிர்ப்பும் சேர்ந்துகொண்டது. கண்ணிலிருந்து வெளிப்பொருளை எடுப்பதுதான் நம் வேலை, உள்ளே வைப்பதா என்றார்கள். அவர்களைக் குறை சொல்வதும் சரியில்லை. நழுவிய லென்ஸோடு வந்தவர்களுக்கும் அவர்கள்தானே வைத்தியம் பார்த்தார்கள்!

இன்றைய லென்ஸின் ஒளி வளைக்கும் பகுதி சுமார் 6 மில்லிமீட்டர் அகலம்தான். அதிலிருந்து வளைந்து நீளும் இரண்டு மெல்லிய கால்கள், பழைய லென்ஸின் உறைக்குள் ஊன்றிக்கொண்டு அதை நடுவில் நிறுத்துகின்றன. மடித்து உள்ளே விடும் வகை, 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியாகவே போய் விரிந்துகொள்ளும். 1992ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த அரோலேப் நிறுவனம் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை பெரிதும் இறங்கியது. தாராபுரத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, வண்டியில் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய், லென்ஸ் வைத்து அனுப்புவது கட்டுப்படியாவதில் இந்த விலைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆபரேஷனுக்கு முன் கண்ணின் நீளத்தை ஒரு கருவியில் அளப்பார்கள். முகாமுக்கு வருகிறவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் எத்தனை பவர் லென்ஸ் என்பது முக்கியமாக அந்த அளவில்தான் இருக்கிறது. அதில் 1 மில்லிமீட்டர் தப்பினால் பவர் சுமார் இரண்டரை டயாப்டர் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு) தப்பும்.

"ஏனுங்க, லென்ஸ் வெச்சும் பேப்பர் படிக்கக் கண்ணாடி போடோணுமுங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் போடத்தான் வேண்டும். இளவயதில் இயற்கை லென்ஸ் கிட்டே பார்க்கும்போது உப்பித் தன் பவரைக் கூட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் அப்படி உப்பாது. வழக்கமான லென்ஸைத் தூரப் பார்வைக்குக் கணக்குப் பண்ணித்தான் வைக்கிறார்கள், கிட்டப் பார்வைக்குத் தேவையான மீதிப் பவரை மூக்குக் கண்ணாடி கொடுக்கிறது.