தையல் இல்லாத வால்வு எதைப் பிடித்து நிற்கிறது?

மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அம்மாச்சிக்கு 81 வயது. பெருந்தமனி வால்வு சுருங்கிவிட்டது, சிறுநீரகமும் பலவீனம். நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார், தொடை வழியாக வைக்கலாம் என்கிறார் டாக்டர். தையலே போடாத வால்வு நழுவிவிடாதா? வீட்டில் ஆடி கழியட்டும் என்கிறார்கள்."

இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும், மூன்று இதழ்கள் கொண்ட வால்வு அது. வயதாக ஆக இதழ்களில் கால்சியம் படிந்து, துருவேறிய மதகு ஷட்டர்போல இறுகிவிடும். 3-4 சதுர செ.மீ. திறக்கவேண்டியது 1-க்கும் கீழே போனால் மூச்சு வாங்கும், மயக்கம் வரும். அறுவை சிகிச்சையில் இதயத்தை நிறுத்தி, பழைய வால்வை வெட்டியெடுத்துப் புதியதைத் தைப்பார்கள்.

கதீட்டர், அதாவது ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய் வழியாகப் புதிய வால்வை முதன்முதலில் வைத்தவர் பிரான்சின் அலன் கிரிபியே, 2002இல். அது பலூனால் விரிவது. தானே விரியும் வகைதான் எனக்குத் தீராத வியப்பு. அதன் வலைக்கூடு நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால். சுமார் 500 டிகிரி சூட்டில் அதற்கு ஒரு வடிவத்தைப் பழக்கிவிடுவார்கள். ஐஸ்போல் குளிர்ந்த உப்புநீரில் முக்கினால் அணு அடுக்குகள் சாய்ந்து கம்பி துவண்டுபோகும். சுருக்கி மெல்லிய உறைக்குள் தள்ளிவிடலாம். இதயத்துக்குப் போனதும் உறையைப் பின்னிழுக்க இழுக்க, 37 டிகிரி ரத்தச் சூட்டில் அணுக்கள் பழைய அடுக்குக்கே திரும்பும்; கூடு மலர்ந்து சுவரை நெட்டித்தள்ளும். பழைய வால்வை யாரும் எடுப்பதில்லை. ஓரமாக நசுங்கி நிற்கும் அந்தக் கால்சியம்தான் பிடிமானம்! கால்சியம் படியாமல் வெறும் கசிவு மட்டும் உள்ளவர்களுக்கு இந்தப் பிடி எளிதில் கிடைக்காது.

அதே கால்சியம் மேடுபள்ளமாக இருந்தால் ஓரத்தில் ரத்தம் கசியும். துடிப்பைக் கடத்தும் நார்களும் வால்வுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. கூடு அழுத்தினால் பேஸ்மேக்கர் தேவைப்படலாம். ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நிட்டினால் வால்வில் 14.2%, அறுவையில் 19.1%. பேஸ்மேக்கர் மட்டும் கதீட்டர் பக்கமே அதிகம்.

விலைதான் வயிற்றெரிச்சல். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் அரசுப் பணத்தில் உருவாக்கி, 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு, அது அறுவையில் தைக்கும் வகைதான் என்றாலும், ஏழைகளுக்கும் எட்டியது. அந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்காமல் வேறெதற்கு ஒதுக்குவது?

ஆடிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். அறுவையே தாங்காதவர்களிடம் நடந்த பார்ட்னர் ஆய்வில், வால்வு மாற்றாதவர்களில் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். சி.டி. ஸ்கேனை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். வால்வு வளையத்தின் அளவும் தொடைத் தமனியின் அகலமும் தெரிந்தால்தான் டாக்டர் வழியை முடிவுசெய்ய முடியும். சிறுநீரகம் பலவீனம் என்பதை ஸ்கேன் எடுப்பவரிடமும் சொல்லுங்கள், அதற்குப் போடும் சாயமருந்தை அளந்து போடவேண்டும்.