சுத்தமாகு என்பதற்கு முன்பே தொட்டவர்

மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு தொழுநோயாளி இயேசுவின் முன் முழங்காற்படியிட்டு வேண்டுகிறான். லேவியராகமம் 13-ன்படி, அவன் ‘தீட்டு, தீட்டு’ என்று சத்தமிட்டுக்கொண்டு பாளயத்துக்குப் புறம்பே குடியிருக்க வேண்டியவன். இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொடுகிறார். ‘சுத்தமாகு’ என்று சொல்வது அதற்குப் பிறகுதான். தொழுநோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சை தரும் எனக்கு அந்த வசனத்தில் இந்த வரிசை மிக முக்கியமாகத் தெரிகிறது. முதலில் நோய் போகட்டும், அப்புறம் தொடலாம் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை.

நம்மிடையே மருந்து முடிந்து, நோய் முழுவதும் குணமான பிறகும்கூடத் தொடுவதில்லை. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். ஆலயத்தில் கடைசி பெஞ்ச். திருவிருந்துக்கு எல்லோரும் போய் வந்த பிறகு கடைசியாக எழுந்து போவது. யாரும் அவர்களை அப்படி நடக்கச் சொல்வதில்லை, அவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். நாமும் அதைத் தாழ்மை என்று நினைத்துவிடுகிறோம்.

இவை எல்லாவற்றையும்விட என்னிடம் வருகிறவர்களைக் காயப்படுத்துவது, பாவத்தைக் குஷ்டரோகத்துக்கு ஒப்பிடும் பிரசங்கம். தொன்றுதொட்டு வரும் உவமை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் விரல் மடங்கிய கையோடு கீழே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது எப்படிக் கேட்கும்? தன் உடம்பையே பாவத்தின் அடையாளமாகச் சுட்டுவதாகத்தானே கேட்கும்? போதகர்கள் இந்த உவமையை விட்டுவிட வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.

மருத்துவ உண்மை எளிமையானது. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். அது சாபமல்ல. பெரும்பாலானோரின் உடம்பில் அதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. கை குலுக்குவதாலோ, கட்டி அணைப்பதாலோ, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாலோ அது பரவாது. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். மருந்தைத் தொடங்கிய பிறகு நோயாளியிடமிருந்து மற்றவருக்கு நோய் தொற்றாது.

ஆனால் மாத்திரையால் கிருமியைக் கொல்லத்தான் முடியும். அந்தக் கிருமி தாக்கி ஏற்கெனவே செத்துப்போன நரம்பு பெரும்பாலும் திரும்பாது. விரல்கள் குறைந்துபோவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் வரும் காயங்களால்தான் என்று ஓயாமல் எடுத்துச் சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் அறுவை சிகிச்சையால் மறுபடியும் வேலைக்குக் கொண்டுவந்தார். அவருடைய கவனம் அறுவை அரங்கோடு நிற்கவில்லை. நோயாளியின் செருப்பு வரைக்கும் போனது. கடவுளின் அன்பு என்று யாராவது பேசினால் எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வருகிறது.

உணர்ச்சியற்ற பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. சூடான சைலன்சர் பட்டாலும் தெரியாது. ஆகவே தினமும் பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். உள்ளே எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் வைத்த செருப்பைப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளங்காலில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதானவர்களால் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடிவதில்லை. கண் மங்கியவர்கள் பாடு இன்னும் கஷ்டம். அங்கே இன்னொருவர் வேண்டும். பெரிய வியாழன் ஆராதனையில் கால் கழுவுகிறோம். வீட்டிலிருந்தே கழுவிக்கொண்டு வந்த சுத்தமான கால்கள் அவை. தினமும் சாயங்காலம் மாமியாரின் காலை மடியில் தூக்கி வைத்து விளக்கு வெளிச்சத்தில் பார்க்கும் மருமகளை நான் அறிவேன். அவர் ஜெபக்கூட்டத்தில் வாய் திறந்து பேசிக்கூட நான் கேட்டதில்லை. ‘வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும்’ அன்புகூர வேண்டும் என்று யோவான் எழுதியதை அவர் செய்துகொண்டிருக்கிறார். அந்த மாமியாரின் காலில் இன்று புண் இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது நிறம் மங்கியோ சிவந்தோ ஒரு தேமல் இருந்து, அது அரிக்காமல், தொட்டாலும் தெரியாமல் இருந்தால், தேமலுக்கான களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு நாட்களைக் கடத்தாதீர்கள். சுண்டுவிரலில் மதமதப்பு, காது மடலில் தடிப்பு, செருப்பு கழன்று விழுந்தும் தெரியாமல் நடப்பது இவையும் அறிகுறிகளே. மகளின் கல்யாணம் முடியட்டும் என்று மறைத்து வைத்ததால் பாதம் செயலிழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிகிச்சையின் நடுவே நரம்பு வலியோ திடீர் வீக்கமோ வந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். உடனே மருந்து கொடுத்தால் நரம்பைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

ஜனவரி 30 தொழுநோய் எதிர்ப்பு தினம். அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளோடு இந்த அறிகுறிகளையும் வாசியுங்கள். இலவச சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருவிருந்தின்போது, கடைசி பெஞ்சில் இருப்பவரிடம் போய், அவர் கையைப் பிடித்துக் கூடவே அழைத்து வாருங்கள்.