டெங்கு ரத்தப் பரிசோதனையும் அரசின் நோய்க் கண்காணிப்பும்

காய்ச்சலுடன் அரசு மருத்துவமனைக்கு வருபவரிடம் டெங்குவுக்காக எடுக்கப்படும் ரத்தம், அவருக்குச் சிகிச்சை தரவும், அவர் வசிக்கும் பகுதியில் நோய் பரவுகிறதா என்று அறியவும் பயன்படுகிறது. இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட சென்டினல் கண்காணிப்பு மருத்துவமனைகள் 2007இல் நாடு முழுவதும் 110 இருந்தன. பின்னர் அவை பல மடங்கு பெருகின. இவற்றுக்கான ஐஜிஎம் எலிசா (டெங்குவுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் ஆய்வகச் சோதனை) பரிசோதனைப் பொருள்களைப் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் தயாரித்து அனுப்புகிறது. செலவை மத்திய அரசு ஏற்பதால் நோயாளி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் உயர்நிலை ஆய்வகங்களில் ஒன்று. டெங்கு வைரஸின் நான்கு வகைகளில் எது பரவுகிறது என்பதை இத்தகைய ஆய்வகங்களே கண்டறிகின்றன.

எந்தப் பரிசோதனை என்பதைக் காய்ச்சலின் நாளே தீர்மானிக்கிறது. முதல் ஐந்து நாட்களுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 எலிசாவும், அதற்குப் பிறகு உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசாவும் செய்யப்படுகின்றன. இரண்டாம் நாளிலேயே ஐஜிஎம் பார்த்து 'இல்லை' என்று வந்தால், அதை நம்பி நிம்மதியடைவது ஆபத்தானது. ஆகவே காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் விடை தரும் கார்டு டெஸ்ட் மட்டும் 'பாசிட்டிவ்' என்றால், தேசிய வழிகாட்டு நெறிமுறை அதை உறுதியான டெங்குவாகக் கணக்கிடுவதில்லை. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வேறு காய்ச்சல்களிலும் குறையக்கூடும் என்பதால் அந்த எண்ணிக்கையும் டெங்குவுக்குச் சான்றாகாது.

உறுதியான முடிவு, 2004இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வழியாக மாவட்டச் சுகாதாரத் துறைக்குச் செல்கிறது. பணியாளர்கள் அந்த வீட்டுக்கு வந்து, சுற்றுப்புறத்தில் வேறு எவருக்கேனும் காய்ச்சல் உள்ளதா என விசாரித்து, தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முட்டையிலிருந்து கொசு உருவாக ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும் என்பதால், தகவல் அவ்வளவு நாள் தாமதித்தாலும் அடுத்த தலைமுறைக் கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும்.

இவ்வளவு ஏற்பாடும் வீணாவதற்குத் தவறான முகவரி ஒன்றே போதும். சென்னையில் வேலை செய்பவர் ஆதார் அட்டையிலுள்ள சொந்த ஊர் முகவரியைக் கொடுத்தால், பணியாளர்கள் அந்த ஊரில் கொசுவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவரைக் கடித்த கொசுவோ அவர் தங்கியிருக்கும் தெருவில் இருக்கும். எனவே காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தங்கிய இடத்தின் முகவரியையும், பகலில் நெடுநேரம் இருக்கும் பணியிடம் அல்லது பள்ளியின் பெயரையும், செயல்பாட்டிலுள்ள கைபேசி எண்ணையும் ரத்தம் கொடுக்கும்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள்.