இணையவழி இலவசப் பாடநெறியும் சான்றிதழும்: தமிழ் மொழிமூல மாணவருக்கான விளக்கம்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் கொழும்புப் பிள்ளைகள் பலர் இணையவழி இலவசப் பாடநெறிகளில் சேர்கின்றனர். சேருவது மிக நல்லது. ஆயினும் எது இலவசம், கிடைக்கும் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பவற்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பாடசாலை மட்டத்தில் சிக்கல் குறைவு. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் தொடர்ச்சியாக, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலுள்ள பாடங்களையும் தமிழில் கட்டணமின்றிப் பெறலாம். தேசிய மொழிகளில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை வழங்குகிறது; எனினும் வேறு மொழியில் கற்பிக்கும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு அதே உறுப்புரை விலக்களிப்பதால், பாடசாலையைத் தாண்டியதும் தமிழ் மாணவர் பெரும்பாலும் ஆங்கிலத்தையே எதிர்கொள்கிறார். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தன் திறந்த கற்றல் தளத்தில் பைதன் என்ற கணினி நிரலாக்க மொழி, இணையத்தள வடிவமைப்பு போன்றவற்றை இலவசமாகக் கற்பிப்பது பெரும் வாய்ப்பு. நாவலயிலுள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வேறுவகையானது. பெயரில் 'திறந்த' என்றிருந்தாலும் அதன் கற்கைகளுக்குக் கட்டணம் உண்டு.

பெற்றோர் அதிகம் குழம்புவது சான்றிதழ் விடயத்தில்தான். இணையவழிச் சான்றிதழ் ஒருவர் குறித்த பாடநெறியை முடித்தார் என்பதையே காட்டும். அது தானாகவே, தொழில்திறனுக்கான அரச அங்கீகாரமாகிய தேசிய தொழில் தகைமை (NVQ) ஆகிவிடாது. ஏழு மட்டங்களைக் கொண்ட அத்தகைமையில் முதல் நான்கு சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள், ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. ஆனால் வகுப்புக்கே போகாமல் தொழிலைக் கற்றவரும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் விண்ணப்பித்து, தம் வேலைக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் திறனை நிரூபித்தால் தகைமையைப் பெறலாம். ஆகவே சான்றிதழை மட்டும் சேர்த்து வைக்காமல், செய்த வேலைகளையும் திகதியிட்டுச் சேமித்து வைப்பது அவசியம். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகளின் உழைப்பு பயன்பட்டிருக்கும்!

டேட்டாச் செலவு இன்னொரு தடை. ஒரே கைபேசியைச் சகோதரர் மூவர் பகிரும் வீட்டில் காணொளிப் பாடம் இலவசமாகாது. ஒருமுறை தரவிறக்கிப் பலமுறை படிக்கக்கூடிய குறிப்புகளே அங்கு உதவும்.

மொழித் தடைக்குத் தீர்வு திறந்த உரிமத்தில் இருக்கிறது. இலவசமாகப் பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் மொழிபெயர்க்க நமக்கு அனுமதி இல்லை. 2019இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பரிந்துரை திறந்த கல்வி வளம் என்று கூறுவது, எவரும் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் மீளப் பகிரவும் அனுமதி பெற்ற பாடங்களையே. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாகத் தருவதற்கு 2001இல் அறிவித்த திறந்த பாடத்திட்டம் (OpenCourseWare), சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால், வெள்ளவத்தையிலுள்ள ஓர் ஆசிரியர் அதன் குறிப்புகளைத் தமிழாக்கி மாணவருக்கு வழங்கலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், தமிழாக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்; உரிமம் வணிகப் பயன்பாட்டை விலக்குவதால், அதை டியூஷன் வகுப்பின் விற்பனைப் பொருளாக்க இயலாது.