டேங்கில் வெல்டிங் வைக்கும் முன்: எரிவாயு ஆலைகளில் நீங்கள் கேட்க வேண்டியவை

ஷட்டவுன் சமயத்தில், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தி வைக்கும்போது, ரசாயன ஆலைக்குள் போகிறவர்களில் நிறையப் பேர் கான்ட்ராக்ட் ஆட்கள். வெல்டர், ஃபிட்டர், ஹெல்பர், டேங்க் கழுவுகிறவர்கள். அந்த டேங்கில் நேற்றுவரை என்ன இருந்தது என்று அவர்களிடம் பல இடங்களில் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கிற ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், காற்றில் எரிவாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கேஸ் மீட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உயிர் தப்புவது பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

எரிவாயு காற்றில் கொஞ்சம் கலந்தவுடனே எரிந்துவிடாது. ஒரு குறைந்தபட்ச அளவாவது கலக்க வேண்டும். மீத்தேனுக்கு அது 5 சதவீதம். 15-ஐத் தாண்டினால் காற்று போதாமல் எரியாது. ஹைட்ரஜனுக்கு 4 முதல் 75 வரை. எல்.பி.ஜி. ஏறக்குறைய 2 சதவீதத்திலேயே தீப்பிடிக்கும். மீட்டர் காட்டும் எண், இந்தக் குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் வந்திருக்கிறது என்பது. மீத்தேன் உள்ள இடத்தில் திரையில் 10 என்று வந்தால், காற்றில் அரை சதவீதம் மீத்தேன் இருக்கிறது என்று பொருள். "பத்துதானே" என்று சொல்லக் கூடாது. 100 வந்துவிட்டால் ஒரு பொறி விழுவதுதான் பாக்கி. வெல்டிங், கட்டிங் மாதிரித் தீ வேலைக்கு அந்த எண் 0 ஆக இருக்க வேண்டும்.

ஆனால் 0 என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பல கைமீட்டர்களில் உள்ள சென்சார், வாயுவைத் தனக்குள் லேசாக எரித்துப் பார்த்துத்தான் அளவு சொல்கிறது. எரிய ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் அடித்து வைத்த டேங்கில் ஆக்சிஜன் இருக்காது. எரிவாயு மிச்சம் இருந்தாலும் மீட்டர் 0 காட்டலாம். பிறகு மேன்ஹோலை (ஆள் இறங்கும் வாயை) திறந்து காற்று புகுந்ததும் அதே டேங்க் வெடிக்கத் தயாராகிவிடும். அதனால் முதலில் ஆக்சிஜன் எண்ணைப் பாருங்கள். அது சாதாரணக் காற்றில் உள்ள 20.9 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். அப்புறம்தான் மற்ற எண்ணுக்கு மதிப்பு.

எங்கே அளந்தார்கள் என்பதும் முக்கியம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், அடியிலும் குழியிலும் கால்வாயிலும் போய்த் தேங்கும். ஹைட்ரஜன் மேலே கூரையடியில் சேரும். மேன்ஹோல் வாயில் மீட்டரை ஒரு தடவை நீட்டிவிட்டு 'ஓகே' எழுதுவது டெஸ்ட் ஆகாது. மேல், நடு, அடி மூன்றிலும் பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு எடுத்த அளவை வைத்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டார்ச் பற்றவைக்கச் சொன்னால், மறுபடி அளந்து பர்மிட்டில் (வேலைக்கான எழுத்து அனுமதிச் சீட்டில்) நேரம் போட்டுத் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்டதற்காகத் திட்டு வாங்கிய வெல்டர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டது சரிதான்.

இதெல்லாம் யாரோ சேஃப்டி ஆபீசர் மனம் வைத்துச் செய்கிற சலுகை கிடையாது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவே நேராகச் சொன்னது: எரியக்கூடிய பொருள் இருந்த டேங்கிலோ பைப்பிலோ, அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் அகற்றாமல், அல்லது தீப்பிடிக்காதபடி செய்யாமல், வெல்டிங்கோ கட்டிங்கோ வைக்கக் கூடாது. வேலை முடிந்தாலும் உலோகம் ஆறும்வரை அந்தப் பொருளை மறுபடி உள்ளே விடக் கூடாது. டேங்குக்குள் ஆள் இறங்குவது 36ஆம் பிரிவு. உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் சுவாசக் கருவியும், கயிறு கட்டிய பெல்ட்டும் வேண்டும், கயிற்றின் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் இருக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு வந்திருக்கிறது. போபாலுக்குப் பிறகு 1987இல் பழைய சட்டத்தில் சேர்த்த ஒரு முக்கியமான உரிமை இதிலும் இருக்கிறது. அபாயகரமான ஆலையில் உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால், தொழிலாளி அதை நிர்வாகத்திடம் நேராகவோ பாதுகாப்புக் குழு வழியாகவோ சொல்லலாம். அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். நிர்வாகம் ஒப்புக்கொண்டால் உடனே சரிசெய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் விஷயத்தை ஆய்வாளரிடம் அனுப்பியாக வேண்டும். அவர் சொல்வதே முடிவு. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், டேங்கின் எண் போட்டு எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆலை மதிலுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு என்ன இருக்கிறது?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த அபாயகர ரசாயன விதிகள் இருக்கின்றன. எரிவாயுவைப் பொறுத்தவரை, ஓர் ஆலை 15 டன் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தாலே விதிகள் பாய ஆரம்பிக்கும். 200 டன் எட்டினால் முழுப் பாதுகாப்பு அறிக்கை, வெளி நிபுணரின் பாதுகாப்புத் தணிக்கை என்று இன்னும் கடுமையாகும். இப்படிப் பேரபாய ஆலை என்று வகைப்பட்ட ஆலை தன் வளாகத்துக்கான அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாக் ட்ரில் நடத்த வேண்டும். மதிலுக்கு வெளியே உள்ள திட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் பொறுப்பு. அதன் ஒத்திகை வருடத்துக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். என்ன விபத்து நடக்கக்கூடும், நடந்தால் நீங்கள் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்ன என்று ஆலை உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 15ஆவது விதி சொல்கிறது.

இந்த 15ஆவது விதியைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். 1997 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினம் சுத்திகரிப்பு ஆலையில் எல்.பி.ஜி. கசிந்து மேகமாகப் பரவித் தீப்பிடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்.பி.ஜி. மேகம் தரையோடு தவழ்ந்து வரும். அடுப்பு, பைக் ஸ்டார்ட் செய்வது, லைட் சுவிட்சைத் தட்டுவது, எதுவும் அதற்குப் பொறியாகிவிடும். சைரன் கேட்டதும் என்ன நடந்தது என்று பார்க்க வண்டியை எடுத்துக்கொண்டு ஆலைப் பக்கம் போவது நம் ஊர்ப் பழக்கம். அதைச் செய்யக் கூடாது என்று வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும். ஆலை உங்கள் தெருவில் இதைச் சொல்லவில்லை என்றால், 15ஆவது விதியைக் குறிப்பிட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். 1996ஆம் ஆண்டு விதிகளின்படி ஆட்சியர் தலைமையில் ரசாயன விபத்துகளுக்கென்றே மாவட்ட நெருக்கடிக் குழு இருக்க வேண்டும். அது கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

விபத்து நடந்தே விட்டால், வெளியாட்களுக்கு 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. யார் தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம். விபத்து நடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் ஆட்சியரிடம் விண்ணப்பித்தால் போதும். இந்த நிவாரணத்தை வாங்கிக்கொண்டு, மேற்கொண்டு இழப்பீட்டுக்கு நீதிமன்றமும் போகலாம். ஆலைத் தொழிலாளிகளுக்கு வழி வேறு: இ.எஸ்.ஐ., அல்லது தொழிலாளர் இழப்பீடு. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் உங்கள் பெயர் அன்றைய பர்மிட்டிலும் கேட் பதிவேட்டிலும் ஏறியிருக்கிறதா என்று உள்ளே போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே வேலையில் இருந்தீர்கள் என்பதற்குப் பின்னால் சாட்சி அதுதான்.