பஸ்ஸைப் பிடித்தால்தான் பணமா?

பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். பஸ் ஸ்டாண்டில் புறப்படுவதற்காக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த அரசு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா ஏறி ஜப்தி வாரண்ட்டை நீட்டினார். டிரைவர் அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை. "இந்த வருசத்துல எனக்கு இது ரெண்டாவது வண்டி சார்" என்று சொல்லி இன்ஜினை அணைத்துவிட்டு டெப்போவுக்குப் போன் போட ஆரம்பித்தார். கண்டக்டர், டிக்கெட் வாங்கியவர்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிட ஓடிக்கொண்டிருந்தார். அதற்குள் கீழே இறங்கிய நாற்பது பேரும் யார் காரணம் என்று தேட, பூக்கடை ஓரமாக மஞ்சப்பையோடு நின்ற என் கட்சிக்காரரைப் பார்த்து ஒரு பெரியவர், "ஒரு ஆளுக்காக இத்தன பேர நடுத்தெருவுல நிறுத்தணுமா?" என்று கத்தினார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "வக்கீலம்மா, நான் எதுவும் தப்புப் பண்ணிட்டேனா?"

அவர் செய்ததெல்லாம், கோர்ட் கொடுக்கச் சொன்ன பணத்தைக் கேட்டதுதான். அவருடைய கணவர் கொத்தனார். சைக்கிளில் வேலைக்குப் போகும்போது அதே அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வேறொரு பஸ் மோதி இறந்துபோனார். 2013 கடைசியில் மனு போட்டோம், 2017 மார்ச்சில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் 14,60,000 ரூபாயும், மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு சொன்ன 30 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 168ஆவது பிரிவே சொல்கிறது. பஸ்ஸை ஜப்தி செய்த நாள் 2021 செப்டம்பர். (அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். கழகத்தின் பேரும் வேண்டாம், எந்தக் கோட்டமானாலும் கதை ஏறக்குறைய இதுதான்.)

தனியார் பஸ்ஸோ லாரியோ மோதினால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டும், அரசு பஸ் மோதினால் மட்டும் ஏன் வண்டியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு, கட்டாய இன்சூரன்ஸிலிருந்து அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு விலக்கு கொடுக்க வழி விடுகிறது. அதற்கு நிபந்தனை, இழப்பீடு கொடுப்பதற்கென்றே ஒரு தனி நிதி வைத்திருக்க வேண்டும் என்பது. ஏட்டில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழ்நாட்டில் 2018 ஜனவரிக்குப் பிறகு வருசக்கணக்காகப் பஸ் கட்டணம் ஏறவில்லை, டீசல் விலையோ எவ்வளவோ ஏறிவிட்டது, சம்பளம் போக மிஞ்சுகிற பணத்தில் இழப்பீடு எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கிறது. அந்த வரிசையிலும் இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கோர்ட்டில் போடும் மனு) போட்டவருக்கு முன்னால் இடம், வண்டியைப் பிடித்தவருக்கு அதற்கும் முன்னால். சும்மா காத்திருப்பவருக்கு இடமே கிடையாது. இதை எந்த அதிகாரியும் எழுதித் தர மாட்டார், ஆனால் சட்டப்பிரிவு கிளார்க் ஒருவர் என்னிடம் டீ குடித்துக்கொண்டே சொன்னது: "மேடம், நீங்க வண்டியப் பிடிங்க, அப்பத்தான் நான் ஃபைலை மேல அனுப்ப முடியும்."

அந்த ஒரு வரிக்குள் விசயம் முழுக்க இருக்கிறது. கிளார்க் கெட்டவரில்லை. பணம் கொடுக்காமலிருப்பதால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் வராத ஒரு ஏற்பாட்டுக்குள் அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மா வழக்கில் வருச வட்டி மட்டும் 1,09,500 ரூபாய். தீர்ப்புக்குப் பிறகு இழுத்த நாலரை வருசத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஐந்து லட்சம். இழுத்த அதிகாரியின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட இதற்காகப் பிடிக்கப்படவில்லை. கட்டியது கழகம், அதாவது பூக்கடை முன்னால் கத்திய அந்தப் பெரியவரும்தான்.

நிலம் எடுத்த வழக்குகளில் இதைவிட மோசம். அங்கே பஸ்ஸுக்குப் பதிலாக ஆர்.டி.ஓ. ஆபீஸ் நாற்காலி, கம்ப்யூட்டர், சில சமயம் கலெக்டர் ஆபீஸ் ஜீப். இதை நீங்களும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பழைய 1894ஆம் வருசத்து நில எடுப்புச் சட்டமானாலும் சரி, 2013ஆம் வருசத்துச் சட்டமானாலும் சரி, பணம் கொடுக்காமல் நிலத்தைக் கையகப்படுத்தினால் முதல் வருசம் 9 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம் வட்டி. பேங்கில்கூட இந்த வட்டி கிடைக்காது. இருந்தும் அரசு இழுக்கிறது என்றால், கணக்குப் பார்க்க அங்கே ஆளில்லை என்றுதான் அர்த்தம்.

இதை மனித உரிமை மீறலாகப் பார்க்காமல், சிவில் பாக்கி என்ற கண்ணோடு மட்டும் பார்ப்பதுதான் நாம் செய்கிற தவறு என்பது என் எண்ணம். ரஷ்யாவில் ஷாக்தி என்ற ஊரைச் சேர்ந்த புர்தோவ் என்பவரின் வழக்கை ஜூனியர்களுக்கு அடிக்கடி சொல்வேன். 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்த பிறகு துப்புரவு வேலைக்கு அனுப்பப்பட்டு, கதிர்வீச்சில் உடம்பு கெட்டுப்போனவர். இழப்பீடு கொடுக்கச் சொல்லி உள்ளூர் கோர்ட் ஒன்றுக்குப் பல தடவை தீர்ப்பு சொன்னது, ஒவ்வொரு தடவையும் நிதி ஒதுக்கீடு வரவில்லை என்றே பதில் வந்தது. நம் காதுக்குப் பழகின பதில்தான். அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்புக் கடனைக் கொடுக்க முடியாததற்குப் பணமில்லை என்பதை ஓர் அரசு காரணமாகச் சொல்லக் கூடாது என்று 2002 மே மாதம் அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோர்ட்டுக்குப் போகும் உரிமை என்றால் தீர்ப்பை நிறைவேற்றி வாங்கும் உரிமையும் அதற்குள் அடக்கம், தீர்ப்பால் உறுதியான பணம் அவருடைய சொத்து, அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது இரண்டு உரிமையையும் மீறுவது என்றது. அப்புறமும் ரஷ்யா திருந்தவில்லை, அதே மனிதர் மறுபடி போக வேண்டியிருந்தது, 2009இல் வந்த இரண்டாவது தீர்ப்புக்குப் பிறகுதான் தாமதத்துக்கே தனியாக இழப்பீடு கேட்க வழிசெய்யும் ஒரு சட்டம் 2010இல் அங்கே வந்தது. 2022இல் ரஷ்யா அந்த நீதிமன்றத்தின் எல்லையிலிருந்தே வெளியேறிவிட்டது, அது வேறு கதை.

நமக்கு மேலே அப்படியொரு நீதிமன்றம் கிடையாது. சிவில் அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது, ஆனால் தனிமனிதர் நேரடியாகப் புகார் செய்ய வழிவிடும் கூடுதல் நெறிமுறையில் சேரவில்லை. ஆக ஜெனீவாவில் இருக்கிற ஐ.நா. குழுவுக்கு மனு எழுதிப் பயனில்லை, உள்ளூரில்தான் முட்ட வேண்டும்.

உள்ளூரில் மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார், அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். 1993ஆம் வருசத்துச் சட்டப்படி, மீறல் நடந்த ஒரு வருசத்துக்குள் புகார் போக வேண்டும். கோர்ட்டில் நிலுவையிலிருக்கிற விசயத்தை ஆணையம் பொதுவாகத் தொடாது. உங்கள் இ.பி. நடந்துகொண்டிருந்தால், டிகிரிப் பணத்தை, அதாவது கோர்ட் தீர்ப்பில் கொடுக்கச் சொன்ன பணத்தை, வாங்கித் தாருங்கள் என்று மட்டும் எழுதுகிற மனு பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும். ஆனால் பணம் கேட்டுப் போன விதவையை ஆபீசில் அவமானப்படுத்தினார்கள், கோப்பை நகர்த்த லஞ்சம் கேட்டார்கள், கோர்ட் உத்தரவு கையில் இருந்தும் உயிர் காக்கிற சிகிச்சைக்கான பணத்தை வேண்டுமென்றே நிறுத்திவைத்தார்கள் என்றால் அது தனியான புகார், அதை ஆணையத்துக்குக் கொண்டுபோகலாம். ஆணையத்தின் பரிந்துரை வெறும் யோசனையில்லை, அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் சொன்னது இங்கே கைகொடுக்கும்.

உயர்நீதிமன்றத்தில் ரிட் (அரசுக்கு உத்தரவிடச் சொல்லி நேரடியாகப் போடும் மனு) போடலாமா என்பது அடுத்த கேள்வி. சிவில் கோர்ட் டிகிரி கையில் இருந்தால் இ.பி. போடு என்று அனுப்பிவிடுவதுதான் வழக்கம். நிலத்தை எடுத்துக்கொண்டு இழப்பீடே கொடுக்காமல், கோப்பையும் கண்ணில் காட்டாமல் அலையவிடுகிறார்கள் என்றால் ரிட்டுக்கு உயிர் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தத்தில் சொத்துரிமை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து போய் 300ஏ பிரிவுக்கு வந்துவிட்டது உண்மைதான். இருந்தாலும் அது அரசியல் சட்ட உரிமை, மனித உரிமையும்கூட என்று உச்சநீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில், 300ஏக்குள் ஏழு உரிமைகள் அடங்கியிருப்பதாகப் பிரித்துக் காட்டியது. நியாயமான இழப்பீடு அதில் ஒன்று, காலம் கடத்தாத நடைமுறை இன்னொன்று. 2025 ஜனவரியில் பெங்களூரு–மைசூரு சாலைத் திட்டத்துக்காக 2003இல் நிலம் இழந்தவர்கள் வழக்கில், அதிகாரிகள் இழுத்ததற்காக மதிப்பைப் பழைய தேதிக்குப் போடாமல் 2019ஆம் வருசத்துச் சந்தை விலைக்குப் போடச் சொன்னது. என்னைக் கேட்டால் வட்டியைவிட இதுதான் அரசுக்கு உறைக்கும். நிலம் எடுப்பு வழக்கு நடத்தும் நண்பர்கள் இந்தத் தீர்ப்பைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

சரி, கையில் தீர்ப்போடு இருப்பவர் என்ன செய்யலாம்? முதலில், காத்திருக்காதீர்கள். "கவர்மெண்ட்தானே, எங்க ஓடிடப் போகுது" என்று அந்த அம்மாவுக்குச் சொந்தக்காரர்கள் சொன்ன ஆறுதலில்தான் முதல் இரண்டு வருசம் போனது. இ.பி. போட 12 வருசக் கெடு இருக்கிறதே என்று மெத்தனமாக இருந்து, கெடு தாண்டி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு நேரடியாக மாநில அரசு என்றால் டிகிரி தேதியிலிருந்து மூன்று மாதம் ஆகியும் பணம் வராவிட்டால்தான் நிறைவேற்ற முடியும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 82ஆவது பிரிவு சொல்கிறது. போக்குவரத்துக் கழகங்கள் கம்பெனிச் சட்டத்தில் பதிவானவை, அவற்றுக்கு அந்த மூன்று மாதச் சலுகை கிடையாது. அப்பீல் போட்டிருக்கிறோம் என்று சொன்னால் தடை உத்தரவு நகலைக் கேளுங்கள், ஏனென்றால் அப்பீல் போட்டதாலேயே தடை வந்துவிடாது. அவர்கள் அப்பீல் என்று சொல்லி ஒரு வருசம் ஓட்டி, கடைசியில் பார்த்தால் கோர்ட் அதை ஏற்று நம்பர்கூடப் போடாமல் கிடந்த வழக்கும் எனக்கு வந்திருக்கிறது.

ஜப்தி என்றதும் எல்லோருக்கும் பஸ்தான் ஞாபகம் வரும், பேப்பரில் படம் வருமே. ஆனால் பஸ்ஸைப் பிடித்தால் அமீனாவுக்குப் பேட்டா, வண்டியை ஓட்டிவர ஆள், கோர்ட் வளாகத்தில் நிறுத்த இடம், இவ்வளவும் உங்கள் தலையில். கழகத்தின் பேங்க் கணக்கு விவரம் கிடைத்தால் அதை முடக்கக் கேளுங்கள், சத்தமில்லாமல் வேலை முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 174ஆவது பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது. தீர்ப்பாயத்திடம் சான்றிதழ் வாங்கிக் கலெக்டரிடம் கொடுத்தால் அவர் நில வரி பாக்கி போல வசூலித்துத் தர வேண்டும். அரசுக் கழகத்திடமிருந்து அரசுக் கலெக்டர் வசூலித்துத் தருவார் என்று நம்புவதற்குத் தனி மனசு வேண்டும், இரண்டு தடவை முயன்று நான் விட்டுவிட்டேன்.

சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்குக் கூப்பிடுவார்கள். போங்கள், ஆனால் வட்டியை விட்டுக்கொடு என்று கேட்கும்போது உடனே தலையாட்டாதீர்கள். விட்டுக்கொடுப்பதாக இருந்தால், இத்தனாம் தேதிக்குள் பணம் வராவிட்டால் பழைய வட்டி முழுதும் திரும்பி வரும் என்ற வரியைச் சமரசத்தில் எழுத வையுங்கள். இந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டவர்கள், வட்டியும் போய், சமரசத் தொகைக்கே மறுபடி இ.பி. போட்டு நிற்கிறார்கள். கட்சிக்காரரின் பேங்க் பாஸ்புக் நகலையும் வழக்குக் கட்டில் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். கோர்ட்டில் கட்டிய பணத்தை வாங்க ஆள் வராமல் கிடப்பதைப் பார்த்து, கணக்கு விவரத்தை மனுவோடேயே வாங்குங்கள் என்று உச்சநீதிமன்றமே 2025இல் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த நாட்டில் வழக்காடுபவரின் கஷ்டம் டிகிரி கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்று வெள்ளைக்காரர் காலத்தில் நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் எழுதியது 1872இல். 2025இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு தாவாவில், இ.பி.க்களை ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லி உச்சநீதிமன்றம் எல்லா உயர்நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டது. நாடு முழுக்க 8.82 லட்சம் நிலுவை, தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 86,000 என்று பதில் வந்தது. இவற்றில் அரசு கொடுக்க வேண்டியது எத்தனை என்று தனியாக ஒரு பட்டியல் போட்டால் தேவலை.

அந்த பஸ் மூன்று நாள் கோர்ட் வளாக வேப்ப மரத்தடியில் நின்றது. நான்காம் நாள் கிளை மேலாளர் பாதித் தொகைக்கான காசோலையோடு வந்தார், மீதிக்கு இரண்டு மாதத் தவணை கேட்டார், அது ஐந்து மாதம் ஆனது. பணம் முழுக்க வந்தபோது மனு போட்ட அன்று ஆறாவது படித்த பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கல்லூரிக்கு அனுப்பலாமே என்று கேட்டதற்கு, "இனிமே எங்கம்மா, ரெண்டு வருசம் ஆயிடுச்சு" என்றார் அந்த அம்மா. இப்போது அதே கோட்டத்தின் மேல் இன்னொரு இ.பி. என் மேசையில் இருக்கிறது. பேட்டா கட்டியாயிற்று, வாய்தா 18ஆம் தேதி.